பாடம் ரொம்ப ஈஸி என்றால் யாரிடம் சொல்வது: கிளாஸ் மிஸ்ஸிடமா, பிரின்சிபாலிடமா?

ஒன்றாம் வகுப்பில் மிஸ் கணக்குகளை போர்டில் எழுதி முடிப்பதற்குள் என் மகள் விடையும் போட்டுவிடுவாள். அப்புறம் பக்கத்துப் பிள்ளையோடு பேச்சு. 'வகுப்பில் அதிகம் பேசுகிறாள்' என்று டைரியில் குறிப்பு வந்த பிறகுதான் பள்ளியில் பேசியே ஆகவேண்டும் என்று பட்டது.

பி.டி.எம். (பெற்றோர்-ஆசிரியர் சந்திப்பு) அன்று சொல்லலாம், நேரே பிரின்சிபாலிடம் போகலாம், கிளாஸ் மிஸ்ஸிடம் தனியாக நேரம் கேட்கலாம். நாங்கள் போனது கடைசி வழியில். என் சாய்வும் அந்தப் பக்கம்தான்.

பி.டி.எம். இதற்குச் சரிப்படாது. பின்னால் வரிசை நிற்கும், பிள்ளையும் கூடவே நிற்கும். அவள் காதுபட 'பாடம் ஈஸி' என்று பேசினால் அடுத்த நாளே வகுப்பில் போய்ச் சொல்வாள்.

பிரின்சிபாலிடம் போனால் வேலை சீக்கிரம் நடக்கலாம். ஆனால் தன்மேல் புகார் போனதாகத்தான் மிஸ் எடுத்துக்கொள்வார்; மீதி வருஷமும் பிள்ளை அவர் கையில்தான். போதாக்குறைக்கு, பேச்சு டபுள் ப்ரமோஷனுக்குத் திரும்பும். கேட்கப் பெருமையாக இருக்கும்தான். ஆனால் நீட் எழுதி மருத்துவம் சேர, சேரும் ஆண்டின் டிசம்பர் 31-க்குள் 17 வயது நிறைந்திருக்க வேண்டும். வகுப்பு தாண்டிய பிள்ளை ப்ளஸ் டூ முடித்துவிட்டு ஒரு வருஷம் காத்திருக்க நேரலாம். ஒன்றாம் வகுப்பில் நீட் பேச்சா என்று சிரிக்கலாம். எங்கள் வீட்டில் மாமியார் கேட்ட முதல் கேள்வியே அதுதான்.

மிஸ்ஸிடம் போகும்போது ஒன்றை மட்டும் யோசித்துவிட்டுப் போங்கள்: நாம் கேட்பது அவருக்கு எவ்வளவு கூடுதல் வேலை? வகுப்பு நிறையப் பிள்ளைகளை வைத்துக்கொண்டிருப்பவரிடம் தினம் ஒரு தனி ஒர்க் ஷீட் கேட்டால் தலையாட்டுவார். கொஞ்ச நாள் நடக்கும். பரீட்சைப் பேப்பர் திருத்த உட்கார்ந்ததும் நின்றுவிடும். அதனால் தயாரிப்பே தேவைப்படாததைக் கேட்டோம். வேலை முடிந்ததும் அலமாரியிலிருந்து கதைப் புத்தகம் எடுத்துக்கொள்ள அனுமதி. அல்லது போட்ட கணக்குக்கே ஒரு கதை எழுதுவது: 7+5 என்றால் மரத்தில் ஏழு கிளி, வந்து சேர்ந்தது ஐந்து. அதற்கு ஒரு நோட்டு நாங்களே வாங்கிக் கொடுத்தோம். அது இன்னும் ஓடுகிறது.

'என் பொண்ணு ரொம்ப கெட்டிக்காரி' என்று ஆரம்பிக்காமல், பள்ளி நோட்டையும் வீட்டில் அவள் போட்ட கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். கடன் வாங்கிக் கழித்தலைப் பார்த்ததும் மிஸ், "இது நீங்க சொல்லிக் கொடுத்ததா, அவளாவே போட்டாளா?" என்று கேட்டார். சரியான கேள்வி. கணக்கில் முந்துகிறவள் தமிழில் ஒற்றெழுத்தை விட்டுவிட்டு எழுதுகிறாள் என்பதையும் அவர்தான் காட்டினார். பிரின்சிபால் அறையில் இது தெரியவந்திருக்காது.

இது ஒரு தனியார் பள்ளி அனுபவம், அதுவும் பொறுமையான மிஸ் வாய்த்ததால். அரசுப் பள்ளியில் நான் பேசிப் பார்த்ததில்லை. ஆனால் 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறார்கள். 'எங்க பிள்ளை எதுல இருக்கா, டீச்சர்?' என்று அங்கே பேச்சைத் தொடங்கலாம்.

ஒரு மாதம் பார்த்தும் அசைவே இல்லை என்றால் பிரின்சிபாலிடம் போகலாம். போவதை மிஸ்ஸிடம் முதலில் சொல்லிவிடுங்கள்.