ஊட்டி ஏத்தத்துக்கு எடை குறைந்த ரோலர்: வாங்கலாமா?

கியர் இல்லாத ஸ்கூட்டரில் தானாகக் கியர் மாற்றும் வேரியேட்டருக்கு எடை குறைந்த ரோலர் விற்கிறவர்கள் வழக்கமாகச் சொல்வது இதுதான்: பிக்கப்பும் கூடும், டாப் ஸ்பீடும் கூடும். முதல் பாதி உண்மை. இரண்டாவது பாதியை நம்பிக் காசு கொடுக்க வேண்டாம். ஆனால் குன்னூர், கோத்தகிரி, ஊட்டிப் பக்கம் வண்டி ஓட்டுகிறவருக்கு அந்த முதல் பாதியே போதும். எண்பதில் போக இங்கே ரோடு எங்கே இருக்கிறது?

இன்ஜின் பக்கத்து முன்புல்லிதான் வேரியேட்டர். அதற்குள் ஆறு ரோலர் இருக்கும். இன்ஜின் வேகமாகச் சுழலச் சுழல அவை வெளிப்பக்கம் ஓடி, நகரும் தட்டைத் தள்ளும். பெல்ட் விளிம்பை நோக்கி மேலேறும். கியர் மாறுவது என்பது இவ்வளவுதான். ரோலர் கனமாக இருந்தால் குறைந்த ஆர்.பி.எம்மிலேயே பெல்ட் ஏறிவிடும். மைலேஜ் நல்லது, சத்தமும் குறைவு. சமவெளிக்கு அது சரி. பர்லியார் தாண்டி ஒரு கொண்டை ஊசி வளைவில் பின்னால் ஆளையும் வைத்துக்கொண்டு திராட்டிலை முறுக்கினால், இன்ஜின் முனகிக்கொண்டே கிடக்கும், வேகம் ஏறாது. பலம் இல்லாமல் இல்லை. பலம் இருக்கும் ஆர்.பி.எம்முக்குப் போக வேரியேட்டர் விடவில்லை.

உயரம் வேறு சேர்ந்துகொள்கிறது. ஊட்டி சுமார் 2240 மீட்டர். அங்கே காற்று அடர்த்தி குறைவு என்பதால் இன்ஜின் சக்தியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். 2020-க்குப் பிறகு வந்த பி.எஸ்.6 (புகை விதி) வண்டிகளில் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் பெட்ரோலைச் சரியாக அளந்து விடுமே தவிர, இல்லாத காற்றை எங்கிருந்து கொண்டுவரும்? மிச்சமிருக்கும் சக்தியை முழுசாக எடுக்கத்தான் ரோலர்.

எவ்வளவு குறைக்கலாம் என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். ரோலர் தள்ளும் விசை எடைக்கு நேர் விகிதத்திலும், சுழலும் வேகத்தின் வர்க்கத்துக்கு நேர் விகிதத்திலும் கூடும். ஆகவே எடையில் 10 சதவீதம் குறைத்தால் ஆர்.பி.எம் ஏறத்தாழ 5 சதவீதம் உயரும்; 20 சதவீதம் குறைத்தால் 12 சதவீதம் வரை. ரோலர் ஒன்று 15 கிராம் என்றால் 13 கிராமுக்கு மாறும்போது, 6000-இல் நின்ற ஆர்.பி.எம் 6450 பக்கம் நிற்கும். மலைக்கு 10 முதல் 15 சதவீதம் போதும். ஒரேயடியாக 20 சதவீதத்துக்கு மேல் இறங்கினால் இன்ஜின் கத்தும், பெட்ரோல் குடிக்கும், வண்டி மட்டும் அதற்கேற்ற அளவு போகாது.

எந்த வண்டி என்பதும் முக்கியம். 2020-இல் வந்த ஆக்டிவா 6ஜி தன் உச்ச சக்தியான 7.79 பி.எஸ்ஸை (PS, குதிரைத் திறன்) 8000 ஆர்.பி.எம்மில் தருகிறது. 2020-இல் வந்த பி.எஸ்.6 ஆக்சஸ் 125 தரும் 8.7 பி.எஸ்ஸுக்கு 6750 போதும். 110 சிசி வண்டியான ஆக்டிவாவில் மேலே போக நிறைய இடம் இருப்பதால் மாற்றம் நன்றாகத் தெரியும். ஆக்சஸில் 10 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்வது புத்திசாலித்தனம்.

டாப் ஸ்பீடு ஏன் உயராது? பெல்ட் புல்லியின் வெளி விளிம்புக்குப் போனதும் அதற்கு மேல் கியர் கிடையாது. ரோலர் எடை அந்த விளிம்பை மாற்றாது. எடை ரொம்பக் குறைந்தால் பெல்ட் விளிம்பைத் தொடும் முன்பே இன்ஜின் தன் எல்லைக்குப் போய்விடும். டாப் குறையத்தான் செய்யும். சந்தேகமிருந்தால் புல்லித் தட்டின் முகத்தில் நடுவிலிருந்து விளிம்பு வரை மார்க்கரால் ஒரு கோடு போட்டு, கவரை மூடி, மேட்டுப்பாளையம் பக்கம் சமமான ரோட்டில் ஓட்டிவிட்டுத் திறந்து பாருங்கள். பெல்ட் எதுவரை ஏறியதோ அதுவரை மை அழிந்திருக்கும். "புது ரோலர் போட்டதும் டாப் கூடிவிட்டது" என்பவர்களின் பழைய ரோலர்கள் ஒரு பக்கம் தேய்ந்து தட்டையாகியிருக்கும்; கம்பெனி எடையிலேயே புதுசு போட்டிருந்தாலும் அவர்களுக்குக் கூடியிருக்கும்.

கடையில் வாங்கும்போது பெட்டியில் அச்சடித்த எடையை நம்பாதீர்கள். 0.1 கிராம் காட்டும் தராசில் ஆறையும் தனித்தனியாக வைத்துப் பாருங்கள், ஒன்றுக்கொன்று 0.2 கிராமுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் திருப்பிக் கொடுங்கள். வெளி விட்டமும் அகலமும் வெர்னியரில் அளந்து பழையதோடு ஒத்துப்போக வேண்டும். மாடலுக்கு மாடல் அளவு வேறு. மலிவு செட்டுகளில் வெளி உறைதான் முதலில் போகும். நகத்தால் கீறினால் கோடு விழும் மெத்தென்ற பிளாஸ்டிக் என்றால் மலை ரோட்டுக்கு ஆகாது, சீக்கிரமே தட்டையாகிவிடும். நடு எடை வேண்டுமா? மூன்று 12 கிராம், மூன்று 14 கிராம் எடுத்து ஒன்றுவிட்டு ஒன்றாக மாற்றி மாற்றி வைத்தால் 13 கிராமுக்குச் சமம். ஒரே எடை மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வைப்ரேஷன்தான் மிச்சம்.

பொருத்துவது அரை மணி நேர வேலை. ஆனால் கெடுப்பதும் இங்கேதான். விசிறித் தகடு உள்ள புல்லியின் இறகுகளுக்கு நடுவே ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்து நட் கழற்றும் மெக்கானிக்கிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள், இறகு உடையும். புல்லி ஹோல்டர் போட்டுத்தான் கழற்ற வேண்டும். வேரியேட்டரை வெளியே எடுக்கும்போது ரோலர்களை மூடியிருக்கும் பின்தட்டைச் சேர்த்துப் பிடித்து எடுக்காவிட்டால் ரோலர்கள் நகர்ந்துவிடும். திரும்ப மாட்டும்போதும் அப்படியே: ஒரு ரோலர் குறுக்கே சாய்ந்து மாட்டினால் வண்டி நகரும்போதே கடகடக்கும். உள்ளே இருக்கும் தூசியைத் துடைத்து, சர்வீஸ் மேனுவல் கிரீஸ் கேட்காவிட்டால் காய்ந்த நிலையிலேயே ரோலர் வையுங்கள். கிரீஸ் பூசினால் சுழற்சியில் தெறித்துப் பெல்ட்டில் பட்டு வழுக்கும். பின்தட்டின் மூன்று ஸ்லைடுகள் தேய்ந்திருந்தால் அதையும் கையோடு மாற்றுங்கள், அற்பக் காசு.

எல்லாவற்றிலும் மோசமான தவறு நட் முறுக்கும்போது நடக்கும். பின்புல்லியை விரித்துப் பெல்ட்டை உள்ளே அமுக்கி, முன்பக்கம் தளர்வு வரவைத்த பிறகே விசிறி உள்ள முன்தட்டை மாட்ட வேண்டும். அப்படிச் செய்யாவிட்டால் தட்டு நடுக் குழாயான புஷ்ஷில் உட்காருவதற்குப் பதில் பெல்ட் நடுவில் சிக்கும். நட் இறுகின மாதிரி கைக்குத் தெரியும். பெல்ட் நகர்ந்ததும் நட் லூஸாகி, கிராங்க் முனையின் பற்களையே தின்றுவிடும். அது ரோலர் விலை இல்லை, கிராங்க் விலை. முறுக்கிய பிறகு முன்தட்டைக் கையால் சுற்றிப் பார்த்து, டார்க் ரெஞ்சில் சர்வீஸ் மேனுவல் அளவுக்கு இறுக்குங்கள்.

சேர்த்து விற்கும் கான்ட்ரா ஸ்பிரிங் (பின்புல்லியை நெருக்குவது), கிளட்ச் ஸ்பிரிங் இரண்டும் வேண்டாம். முதலாவது பெல்ட்டைக் கடுமையாக நெருக்கிச் சூடாக்கும். இரண்டாவது கிளட்ச் பிடிக்கும் ஆர்.பி.எம்மை உயர்த்தி, ஏத்தத்தில் நின்று கிளம்பும்போதெல்லாம் லைனிங்கைக் கருக்கும். கேத்தியில் கேரட் மூட்டை ஏற்றுகிற வண்டிக்கு அது சொந்தக் காசில் சூனியம்.

டாக்டர் புல்லி என்ற கம்பெனியுடையது மாதிரி உருளாமல் சறுக்கும் ஸ்லைடர் வெயிட்கள் வேறு ரகம். முழு வட்டமாக இல்லாத வடிவத்தால் தட்டைக் கொஞ்சம் கூடுதலாகத் தள்ளும். டாப்புக்கு உண்மையிலேயே சிறிது இடம் கொடுப்பது இதுதான். திசை மாற்றி வைத்தால் சிக்கிக்கொள்ளும் என்பதால் படத்தைப் பார்த்தே வைக்க வேண்டும். விலை சாதா ரோலரைவிடப் பல மடங்கு. குன்னூர் ஏறி இறங்க மட்டும் என்றால் அந்தக் காசுக்கு ஒரு புது பெல்ட் வாங்கிப் போடலாம்.

இறக்கத்தில் கிடைக்கும் லாபத்தை யாரும் விளம்பரப்படுத்துவதில்லை. லேசான ரோலரோடு அதே வேகத்தில் இன்ஜின் சற்று அதிக ஆர்.பி.எம்மில் சுற்றுவதால் இன்ஜின் பிடிப்பு கொஞ்சம் கூடும். கல்லட்டி மாதிரி செங்குத்தில் பிரேக் டிரம் சூடாவது குறையும். ஆனால் திராட்டிலை முழுசாக மூடி ரொம்ப மெதுவாக உருண்டால் கிளட்ச் விட்டுவிடும், நியூட்ரலில் போவது போலத்தான். லேசாகத் திராட்டிலைத் தொட்டால் மறுபடி பிடிக்கும்.

வாரன்டி உள்ள வண்டி என்றால் பழைய ரோலர்களைத் துணியில் சுற்றி எடுத்து வையுங்கள். பெல்ட் பக்கம் ஏதாவது பழுது என்று சர்வீஸ் சென்டருக்குப் போகும்போது, கவரைத் திறந்து பார்த்து வெளிக் கம்பெனி ரோலரைக் காட்டியே வாரன்டி கிடையாது என்று சொல்ல வாய்ப்புண்டு.