அம்மம்மாவுக்கு வாட்ஸ்அப், வகுப்பறைக்கு மீட்

காணொளி அழைப்புக்கு எந்தச் செயலி நல்லது என்று கேட்பவர்களிடம், மறுமுனையில் இருப்பது யார் என்றுதான் நான் முதலில் கேட்பேன். இலங்கையின் திருகோணமலை மாவட்டத்தில், கிண்ணியாவில் இருக்கும் உம்மா வெளிநாட்டிலுள்ள மகனின் முகத்தைப் பார்ப்பதற்கும், மூதூரில் ஒரு வகுப்பு இலண்டனின் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியோடு சேர்ந்து பாடம் படிப்பதற்கும் வேண்டியவை வேறு வேறு.

வீட்டுக்கு வாட்ஸ்அப்தான். காரணம் எளிது: அது தொலைபேசி போலவே மணியடிக்கிறது. சாம்பல்தீவில் இருக்கும் அம்மம்மா பச்சைப் பொத்தானைத் தொட்டால் பேரப்பிள்ளை வந்துவிடுகிறான். ஸூமில் இணைப்பை அனுப்ப வேண்டும், அவர் அதைத் தேடித் திறக்க வேண்டும், ஒலியை இயக்க வேண்டும். பார்வை மங்கிய ஒருவரிடம் இத்தனையையும் கேட்பது நியாயமில்லை. குழு அழைப்பில் 32 பேர் வரை சேரலாம் என்பதால் எந்தக் குடும்பத்துக்கும் இடம் போதும். ஆனால் மகன் துபாயில் என்றால் கதை வேறு. ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப் அழைப்பு முடக்கப்பட்டிருக்கிறது. அங்கே அனுமதி பெற்ற பொட்டிம் செயலியை இரு முனையிலும் நிறுவ வேண்டும். மகன் விடுமுறையில் வரும்போதே தாயின் கைத்தொலைபேசியில் அதை நிறுவிப் பழக்கிவிட்டுப் போவது நல்லது.

வகுப்பறைக்கு வாட்ஸ்அப்பை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆசிரியரின் சொந்தத் தொலைபேசி எண் முன்பின் தெரியாத வீடுகளுக்கெல்லாம் போய்விடும். எஞ்சுவது ஸூமும் கூகுள் மீட்டும். இலவசக் கணக்கில் ஸூம் 40 நிமிடத்தில் துண்டிக்கப்படும். நம் பாடசாலைகளில் ஒரு பாடவேளையும் நெடுங்காலமாக 40 நிமிடமாகவே இருந்தது, ஆகவே பொருந்துவதுபோல் தோன்றும். ஒலியைச் சரிசெய்து, பிள்ளைகளை அமர்த்தி, இரு பக்கமும் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் கால்வாசி நேரம் போய்விடும் என்பதைக் கணக்கில் எடுத்தால் அந்தப் பொருத்தம் நிற்காது. மீட்டில் மூவரோ அதற்கு மேலோ சேரும் கூட்டத்துக்கு 60 நிமிடம் கிடைக்கிறது.

பலர் கவனிக்காத விடயம் ஒன்று உண்டு. இரு வகுப்புகளும் வகுப்புக்கொரு கணினியை வைத்து இணைந்தால், எத்தனை பிள்ளைகள் அமர்ந்திருந்தாலும் செயலியின் கணக்கில் அது இருவர் பேசும் அழைப்புத்தான். மீட்டில் இருவர் அழைப்பு 24 மணி நேரம் வரை நீளலாம். ஸூம் அதையும் 40 நிமிடத்தில் நிறுத்திவிடுகிறது. என் தெரிவு மீட் என்பதற்கு இதுவே முதற்காரணம். பிள்ளைகள் தத்தம் வீட்டிலிருந்து தனித்தனியாக இணைவதென்றால் மட்டும் ஸூமின் காத்திருப்பு அறைக்காக அந்தப் பக்கம் சாய்வேன். யாரை உள்ளே விடுவது என்பது ஆசிரியரின் கையில் இருக்கும்.

எந்தச் செயலியானாலும் படத்தைவிட ஒலிக்கே செலவழியுங்கள். முகம் சற்று மங்கினால் பிள்ளைகள் பொறுத்துக்கொள்வார்கள். குரல் விட்டுவிட்டுக் கேட்டால் ஐந்து நிமிடத்தில் கவனம் கலைந்துவிடும். இணையம் தளரும்போது காணொளியை நிறுத்திக் குரலை மட்டும் ஓடவிட்டால் டேட்டாவும் மிஞ்சும். இரு வகுப்பும் சேர்ந்து தேவாரம் பாட வேண்டும் என்று ஆசைப்படாதீர்கள். ஒலி தாமதமாகவே போய்ச் சேரும், தாளம் ஒருபோதும் ஒன்றாது. ஒரு பக்கம் பாட மறுபக்கம் கேட்கட்டும்.

நேரமும் தெரிவைத் தீர்மானிக்கிறது. இலண்டனில் சனி காலை 10 மணி என்றால் இங்கே கோடையில் பிற்பகல் 2.30, குளிர்காலத்தில் 3.30. பிள்ளைகள் பகல் வெளிச்சத்திலேயே வீடு திரும்பலாம். ரொறன்ரோவில் காலை 9 மணி இங்கே மாலை 6.30 அல்லது 7.30. குடும்பத்துக்கு அது அருமையான வேளை, சாப்பாட்டுக்கு முன் எல்லோரும் வீட்டில் இருப்பார்கள். தோப்பூரிலோ குச்சவெளியிலோ இருக்கும் சிறுபிள்ளைகளை அந்நேரம் பாடசாலைக்கு அழைக்க நான் ஒப்பமாட்டேன். கனடாப் பள்ளியோடு பழக விரும்பும் வகுப்பு, தன் பாடலையும் கதையையும் பதிவுசெய்து அனுப்பி, அவர்களுடைய பதிலைப் பகலில் வகுப்பிலேயே போட்டுப் பார்க்கலாம்.