ஏசி விற்பனையை இரண்டு மடங்காகக் காட்டிய 7,08,000 ரூபாய் டேட்டா வேர்ஹவுஸ்: ஏமாந்துவிடாதீர்கள்

கோபம் இன்னும் அடங்கவில்லை. எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கம்பெனிக்கு டேட்டா வேர்ஹவுஸ் (பல இடத்துக் கணக்கை ஒன்றாகச் சேர்த்து ரிப்போர்ட் எடுக்கும் கிடங்கு) போடலாம், எந்த மாடல் (டேபிள்களை அடுக்கும் முறை) நல்லது என்று யோசித்துக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்கள். யாருக்கு எந்த மாடல் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

பெயர் போடப்போவதில்லை. கிளவுட் டேட்டா வேலை எடுத்துச் செய்யும் ஒரு கன்சல்டன்சி, அவ்வளவுதான். எங்களுடையது கொங்குப் பக்கம் சில ஊர்களில் கிளை வைத்திருக்கும் வீட்டு உபயோகப் பொருள் கடை. கணக்கும் சிஸ்டமும் என் பொறுப்பு. டேட்டா வருவது மூன்றே இடத்திலிருந்து: பில்லிங் சாஃப்ட்வேர், டாலி, சர்வீஸ் கால்களைப் பதிகிற ஒரு எக்செல். எந்தக் கிளையில் எந்தப் பொருள் எவ்வளவு போனது, கையில் எவ்வளவு நின்றது என்பதுதான் முதலாளிக்குத் தெரியவேண்டும்.

பேச வந்த பையன் உட்கார்ந்ததும், "அக்கா, எங்கம்மாவுக்கு கிரைண்டர் உங்க ஈரோடு கடையிலதான் எடுத்தோம்" என்றான். எல்லாரும் சொல்வதுதானே என்று போன் நம்பரைக் கேட்டு பில்லிங்கில் தட்டினேன். வந்துவிட்டது! இரண்டு லிட்டர் டில்டிங் கிரைண்டர், அம்மா பெயரில், ரொக்க பில். அதற்கப்புறம் அவன் எனக்குச் சேல்ஸ் ஆளாகத் தெரியவில்லை, நம்ம வீட்டுப் பையனாகிவிட்டான்.

போர்டில் வட்டமும் கோடுமாகப் போட்டு விளக்கினான். "ஸ்டார் ஸ்கீமா எல்லாம் பழசுக்கா. பேங்க் எல்லாம் இப்ப டேட்டா வால்ட்தான். நாளைக்கு நூறு சோர்ஸ் வந்தாலும் தாங்கும்." எங்களுக்கு எங்கிருந்து நூறு வரப்போகிறது? 6 லட்சம், அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி, மொத்தம் 7,08,000. கொட்டேஷனில் 'எண்ட் டு எண்ட்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

பழசு என்பது ஒரு குறையா? ஸ்டார் ஸ்கீமா ரால்ஃப் கிம்பல் 1996-லேயே புத்தகமாக எழுதிவைத்த முறை. நடுவில் விற்பனை டேபிள், சுற்றிலும் பொருள், கிளை, தேதி, வாடிக்கையாளர். எங்கள் மாதிரிக் கடைக்கு இதுவே தாராளம். டேட்டா வால்ட், டேன் லின்ஸ்டெட் உருவாக்கியது. அதையும் நான் குறை சொல்லவில்லை. ஏகப்பட்ட சிஸ்டம், ஆடிட்டுக்குப் பழைய பதிவு ஒவ்வொன்றும் வேண்டும் என்கிற இடத்துக்கு அது சரி. ஆனால் அதில் ஹப் (பொருள், கிளை போன்றவற்றின் அடையாளம்), லிங்க் (அவற்றுக்குள் உள்ள தொடர்பு), சாட்டிலைட் (மாறக்கூடிய விவரங்கள், பழையதும் புதியதுமாக) என்று எல்லாம் உடைத்து வைத்திருக்கும். அதன் மேல் ரிப்போர்ட்டுக்கென்று தனியாக ஒரு மார்ட் (உடைத்ததைத் திரும்பச் சேர்த்த டேபிள்கள்) கட்டவேண்டும், பெரும்பாலும் அதே 'பழைய' ஸ்டார் வடிவத்தில். அதைத்தான் இவர்கள் கட்டவே இல்லை. ஏகப்பட்ட டேபிள்களைக் கொட்டி, அவற்றின் மேல் நேரடியாக ஒரு டாஷ்போர்டை ஒட்டிவிட்டுக் கோ-லைவ் (பயன்பாட்டுக்கு வந்தாயிற்று) என்று பாக்கிப் பணத்தையும் வாங்கிக்கொண்டார்கள்.

வெடித்தது எப்போது தெரியுமா? 2025 செப்டம்பர் 22 முதல் ஏசிக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதம் ஆனது. அந்த மாத ரிப்போர்ட்டில் ஏசி விற்பனை ஒரே தூக்காகத் தூக்கியிருந்தது. வரி குறைந்ததால்தான் என்று முதலாளிக்கு ஒரே சந்தோஷம், தீபாவளிக்குக் கூடுதலாகச் சரக்கு போடச் சொல்லிவிட்டார். எனக்கு உறுத்தியது. ஏப்ரலைத் திறந்தேன். போன மாதம் பார்த்த ஏப்ரல் கணக்கே இப்போது இரண்டு மடங்கு! 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவியும் அப்படியே. ஃபேன், மிக்ஸி எல்லாம் ஒழுங்காக இருந்தன.

ஒரு ஈரோடு பில்லை எடுத்தேன். ஒன்றரை டன் ஸ்ப்ளிட் ஏசி, ஒன்றே ஒன்று. ரிப்போர்ட்டில் இரண்டு வரிசை: ஒன்றில் ஜிஎஸ்டி 28, இன்னொன்றில் 18. வரி மாறியதும் பொருளின் சாட்டிலைட்டில் புது வரிசை ஒன்று ஏறியிருக்கிறது. பில் தேதிக்கு எது செல்லும் என்று பார்க்காமல் இரண்டையும் பில்லோடு ஜாயின் செய்து சேர்த்திருக்கிறார்கள். இதற்கென்றே, எந்தத் தேதிக்கு எந்த வரிசை என்று குறித்துவைக்கும் பாயிண்ட்-இன்-டைம் டேபிள் என்று ஒன்று அந்த முறையிலேயே உண்டு. போடவில்லை. ஸ்டாரில் டைப்-2 டைமன்ஷன் (விவரம் மாறினால் பழையதை அழிக்காமல் புது வரிசை போடும் டேபிள்) வைத்திருந்தால், விற்பனைப் பதிவு ஏறும்போதே அன்றைய பதிப்பின் கீயை (அடையாள எண்ணை) பிடித்துக்கொண்டிருக்கும். இந்தக் கூத்தே வந்திருக்காது.

போன் போட்டேன். "டிக்கெட் போடுங்கக்கா." போட்டேன். "மாடல் சரியாத்தான் இருக்கு, உங்க டேட்டா குவாலிட்டிதான் இஷ்யூ" என்று பதில். பில் போட்டோவையே அனுப்பினேன், ஒரே பொருள், ஒரே பில். நீல டிக் வந்தது, பதில் வரவில்லை. அடுத்து அவனுக்கு மேலே ஒருவர்: "ரிப்போர்ட் லேயர் ஸ்கோப்பில் இல்லை மேடம், ஃபேஸ் டூ. தனி கொட்டேஷன் தருகிறோம்." எண்ட் டு எண்ட் என்று எழுதியிருக்கிறதே என்றால், டேட்டா வந்து இறங்குவதுதானாம் எண்ட். 7,08,000 வாங்கிக்கொண்டு இப்படிச் சொல்ல வாய் கூசவில்லை. கடைசியாகப் பையனே எடுத்தான். அக்கா போய் மேடம் ஆகிவிட்டேன். "மீட்டிங்கில் இருக்கேன் மேடம்."

உச்சக்கட்டம் இது: அவர்கள் அந்த இன்வாய்ஸைத் தங்கள் ஜிஎஸ்டிஆர்-1-ல் (விற்றவர் போடும் ஜிஎஸ்டி ரிட்டர்ன்) ஏற்றவே இல்லை. எங்கள் 2பி-யில் (வாங்கியவருக்கு வரும் ஜிஎஸ்டி பட்டியல்) வராததால் 1,08,000-க்கு கிரெடிட் எடுக்க (கொடுத்த வரியை எங்கள் வரியில் கழிக்க) முடியாது என்று ஆடிட்டர் கைவிரித்துவிட்டார். ஆக முழு 7,08,000-ம் போச்சு. வியாபாரத்துக்கு வாங்கிய சேவை, நுகர்வோர் கோர்ட்டு எடுக்காது என்கிறார் வக்கீல். ஒப்பந்தத்திலோ ஆர்பிட்ரேஷன் (கோர்ட்டுக்குப் பதிலாக நடுவர் விசாரணை) பெங்களூரில் என்று போட்டிருக்கிறது.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது அதற்கு மனநிலை இல்லை. அவசரத்துக்கு இவ்வளவுதான். சோர்ஸ் நாலைந்துதான் என்றால் ஸ்டார் ஸ்கீமா கேளுங்கள், வால்ட் என்று ஆரம்பித்தால் மார்ட்டும் இதே விலையிலா என்று எழுதி வாங்குங்கள். விற்பனை டேபிளில் ஒரு வரிசை என்பது ஒரு பில்லா, பில்லில் ஒரு பொருளா என்று முதல் நாளே கேளுங்கள், திணறினால் எழுந்து வந்துவிடுங்கள். ஒரு பொருளின் வரியை மாற்றிக் காட்டி, பழைய மாதக் கணக்கு நகராமல் நிற்கிறதா என்று பார்க்காமல் கோ-லைவ் மெயில் அனுப்பாதீர்கள். இன்வாய்ஸ் 2பி-யில் தெரிந்த பிறகு பாக்கியைக் கொடுங்கள்.

கூடுதலாக வாங்கிய ஏசி எல்லாம் குடோனில் அடுக்கியிருக்கிறது. முதலாளி என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. நேற்று அந்தக் கன்சல்டன்சியிடமிருந்து ஒரு மெயில்: எங்கள் சேவைக்கு எத்தனை ஸ்டார் கொடுப்பீர்கள் என்று.