எந்தக் கண்ணாடி?

சென்ற வாரம் நண்பர் ஒருவர், "கண்ணாடியை மாற்றினால் இரவில் இந்தக் கண்கூச்சம் குறையுமா?" என்று கேட்டார். பதில் சொல்வதற்கு முன் எந்தக் கண்ணாடி என்று நான் திருப்பிக் கேட்க வேண்டியிருந்தது. நம் மொழியில் மூக்கின் மேல் அமர்வதும் கண்ணாடி, முன்னால் காற்றைத் தடுத்து நிற்பதும் கண்ணாடி, பின்னால் வருவதைக் காட்டுவதும் கண்ணாடி. அவர் கேட்டது மூன்றாவதைப் பற்றி. பின்னால் வரும் வண்டியின் ஹெட்லைட் பட்டதும் தானாகவே கருத்துக்கொள்ளும் உட்புறக் கண்ணாடி என் காரில் ஐந்து ஆண்டுகள் இருந்தது, ஆறு வாரங்களுக்கு முன் பழுதாகிப் போனது. எனவே அதைப் புகழவும் திட்டவும் எனக்குத் தகுதி உண்டு என்று நினைக்கிறேன்.

அது வேலை செய்யும் விதம் பலருக்கும் தெரிந்ததே. இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே மின்னழுத்தம் பட்டால் நிறம் மாறும் கூழ் ஒன்று அடைக்கப்பட்டிருக்கும். முன்னோக்கிய சென்சார் சுற்றிலும் இருட்டாக இருக்கிறதா என்று பார்க்கும். பின்னோக்கிய சென்சார் பின்னாலிருந்து கூசும் வெளிச்சம் வருகிறதா என்று பார்க்கும். இரண்டும் ஒத்துக்கொண்டால் கண்ணாடி கருக்கும், ரிவர்ஸ் கியர் போட்டால் உடனே தெளியும். நியாயமாகச் சொல்வதென்றால், முதல் இரண்டு ஆண்டுகளில் இப்படி ஒன்று காரில் இருப்பதையே நான் மறந்துபோனேன். ஒரு பொருளுக்கு இதைவிடப் பெரிய பாராட்டு இருக்க முடியுமா என்று தெரியவில்லை. ஆளரவமற்ற நெடுஞ்சாலையில், உயரமான வண்டி ஒன்று முந்தவும் முந்தாமல் பின்தங்கவும் செய்யாமல் மணிக்கணக்காக ஒட்டிக்கொண்டே வரும்போது, அதன் விளக்குகள் இரண்டும் என் கண்ணாடியில் பச்சை கலந்த மங்கிய வட்டங்களாக மட்டுமே தெரிந்தன. அத்தகைய இரவுகளில் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு ஓட்டும் பழக்கமே எனக்கு விட்டுப்போயிற்று.

எரிச்சல் மூன்றாம் ஆண்டில் தொடங்கியது. ஒருவேளை முதலிலிருந்தே இருந்து, சுற்றிலும் எல்இடி விளக்குகள் பெருகிய பிறகுதான் நான் கவனித்தேனோ என்னவோ. தெருவிளக்குகள் நெருக்கமாக எரியும் நகரச் சாலையில், முன்னோக்கிய சென்சார் அங்கே இருட்டே இல்லை என்று முடிவு செய்துவிடும். அந்த முடிவுக்கு அது வந்தபின், சிக்னலில் என் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கும் வண்டி எத்தனை வெளிச்சத்தைக் கொட்டினாலும் கண்ணாடி பளிச்சென்றுதான் இருக்கும். எனக்கு இருட்டாக இருந்தால் போதாது, அதற்கும் இருட்டாகத் தெரிய வேண்டும். கண்ணாடியின் அடியில் ஒரு பொத்தான் இருந்தது. தானாகக் கருக்கும் வேலையை நிறுத்துவதற்கு மட்டுமே அது பயன்பட்டது. நான் வேண்டும்போது கருக்கவைப்பதற்கு எந்த வழியும் இல்லை. ஐந்து ஆண்டுகளில் அந்தப் பொத்தானை நான் அழுத்தியது கோபத்தில் மட்டுமே, அதனால் விளைந்த பயன் எதுவும் இல்லை. பின்னிருக்கையில் மூன்று பேர் அமர்ந்தாலோ, பின்புறம் கூரை வரை சாமான்களை அடுக்கினாலோ, பின்னோக்கிய சென்சாரின் பார்வை மறைந்து நிலைமை இன்னும் மோசமாகும். பின்னால் வந்த வண்டி முந்திச் சென்ற பிறகும் சில விநாடிகள் கருமை விலகாமல் நிற்கும். அந்தச் சில விநாடிகளில்தான் அடுத்து யார் வருகிறார் என்று பார்க்க வேண்டியிருக்கும். பக்கவாட்டுக் கண்ணாடிகளோ சாதாரணமானவை என்பதால், உள்ளே மங்கிய அதே விளக்கு வெளியே கூர்மையாகக் கண்ணில் குத்தும்.

பிறகு கண்ணாடியின் ஓர் ஓரத்தில் சிறிய குமிழி ஒன்று தோன்றியது. அது வளர்ந்து, ஒரு வெயில் நாளில் பழுப்புத் திரவமாகக் கசிந்து கியர் பக்கத்தில் கறை ஏற்படுத்தியது. முத்திரையிட்டு அடைத்த பொருள் என்பதால் பிரித்துச் சரிசெய்ய முடியாது, முழுவதையும் மாற்ற வேண்டும் என்றார்கள். உத்தரவாதக் காலம் முடிந்து வெகு நாட்களாகியிருந்தது. புதியது வரும்வரை ஓட்டுவதற்காக, கழித்துக்கட்டிய வண்டி ஒன்றிலிருந்து எடுத்த பழைய மாதிரிக் கண்ணாடியை மெக்கானிக் மாட்டிக் கொடுத்தார். அடியில் ஒரு சிறிய பிடி, தள்ளினால் இரவு, இழுத்தால் பகல், அவ்வளவுதான்.

அந்தப் பிடியின் எளிமையை நான் குறைத்து மதிப்பிட்டிருந்தேன். அதில் இருப்பது ஆப்புபோல் ஒருபுறம் தடித்த கண்ணாடித் துண்டு. பகலில் பின்பக்க வெள்ளிப்பூச்சின் பிம்பத்தைப் பார்க்கிறோம்; பிடியைத் தள்ளியதும் அந்தப் பிம்பம் கூரையை நோக்கிப் போய்விட, பூச்சில்லாத முன்பரப்பு திருப்பும் வெளிச்சம் மட்டும், அதாவது நூற்றுக்கு ஏறத்தாழ 4 பங்கு, கண்ணுக்கு வருகிறது. ஐ.நா. வாகன விதிமுறை எண் 46, பின்னோக்குக் கண்ணாடி பகலில் குறைந்தது 40 விழுக்காடும், இரவு நிலையில் குறைந்தது 4 விழுக்காடும் ஒளியைத் திருப்ப வேண்டும் என்கிறது. மின்சாரமோ சென்சாரோ இல்லாத ஒரு சாய்ந்த கண்ணாடித் துண்டு அந்த எல்லையிலேயே வந்து நிற்கிறது. பின்னால் வருபவர் விளக்கைத் தாழ்த்துவார் என்று காத்திராமல், சென்சார் ஒப்புக்கொள்ளும் என்று காத்திராமல், ஒரு விரலால் தள்ளிவிட்டு என் வேலையைப் பார்க்க முடிந்தது. பின்வண்டியின் தொலைவைக் கணிப்பது இரவு நிலையில் கடினம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்; விளக்கு தெரியும், வண்டியின் உருவம் தெரியாது.

இந்தப் பழுதினால் கிடைத்த உண்மையான மகிழ்ச்சி வேறொன்று. பழைய கண்ணாடியைக் கழற்றும்போது மெக்கானிக் அதைச் சுற்றியிருந்த முன்கண்ணாடிப் பகுதியை உள்ளங்கை அளவுக்கு ஏதோ திரவத்தால் துடைத்துவிட்டிருந்தார். அன்றிரவு மேட்டிலிருந்து இறங்கி வந்த வண்டியின் விளக்குகள், துடைத்த அந்த இடத்தின் வழியே தெரிந்தபோது இரண்டு கூரிய புள்ளிகளாக இருந்தன. கொஞ்சம் கீழே, துடைக்காத இடத்துக்கு இறங்கியதும் பஞ்சுபோல் விரிந்து சாலையையே மூடின. காரினுள் இருக்கும் பிளாஸ்டிக் பாகங்கள் வெயிலில் சூடாகி வெளியிடும் ஆவி, முன்கண்ணாடியின் உட்புறத்தில் மெல்லிய படலமாகப் படிகிறது. பகலில் அது கண்ணுக்கே தெரியாது, இரவில் எதிர்வரும் ஒவ்வொரு விளக்கையும் சிதறடிக்கிறது. வைப்பர் இழுத்த வளைகோடுகளும், மணல் தெறித்து விழுந்த நுண்குழிகளும் வெளிப்புறத்தில் அதே வேலையைச் செய்கின்றன. குழிகளைத் துடைத்துப் போக்க முடியாது, படலத்தைப் போக்கலாம். மறுநாள் காலை சுத்தமான துணி இரண்டை வைத்துக்கொண்டு, ஈரத்துணியால் ஒருமுறையும் உலர்துணியால் ஒருமுறையுமாக உட்புறம் முழுவதையும் துடைத்தேன். டாஷ்போர்டு அருகே கண்ணாடி சரிந்து குறுகும் மூலையில் கையை நுழைப்பது மட்டும் பெரும்பாடாக இருந்தது. ஐந்து ஆண்டுகளில் அந்தத் தானியங்கிக் கண்ணாடி எனக்குச் செய்ததைவிட அதிகமான நன்மையை அந்த அரை மணி நேரம் செய்தது என்று சொன்னால் அது கோபத்தின் பேச்சு மட்டும் அல்ல. அதற்குக் காரணம் உண்டு.

வெளிச்சத்தால் மனம் எரிச்சலடைவது ஒன்று, பார்வையே குறைவது இன்னொன்று. கூசும் விளக்கின் ஒளி கண்ணுக்குள் சிதறி, நாம் பார்க்கும் காட்சியின் மேல் ஒரு வெண்திரையைப் போர்த்துகிறது. 1920களில் ஹாலடே, ஸ்டைல்ஸ் என்ற ஆய்வாளர்கள் இதை அளந்து காட்டினார்கள்: கண்ணில் விழும் ஒளி எவ்வளவோ அவ்வளவுக்குத் திரை அடர்த்தியாகும்; பார்க்கும் திசைக்கும் விளக்குக்கும் இடையிலான கோணத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப அது மெலியும். கோணம் 2 பாகையிலிருந்து 4 பாகையானால் திரை நான்கில் ஒரு பங்காகிவிடும். உட்புறக் கண்ணாடி நம் நேர்ப்பார்வையிலிருந்து வெகுதூரம் விலகி இருப்பதால், அதில் தெரியும் விளக்கு எரிச்சலைத் தந்தாலும் சாலையை அவ்வளவாக மறைப்பதில்லை. எதிரே, ஓரிரு பாகை தள்ளி வரும் விளக்குதான் நடந்து செல்பவரை மறைக்கிறது. தானியங்கிக் கண்ணாடி தொல்லையைத் தீர்த்தது, ஆபத்தைத் தொடவே இல்லை. எதிர்வரும் விளக்கைப் பார்க்காமல் நம் பக்கத்துச் சாலையோரக் கோட்டைப் பார்க்க வேண்டும் என்று ஓட்டுநர் பயிற்சியில் சொல்லித்தருவது இந்தக் கணக்கினால்தான். அதோடு வேகத்தையும் குறைக்க வேண்டும். மணிக்கு 80 கிலோமீட்டரில் ஒரு விநாடிக்கு 22 மீட்டர் போகிறோம். இரண்டு விநாடி கண் இருண்டால் 44 மீட்டர் நம்பிக்கையில் ஓட்டியதாகும்.

மூக்கின் மேல் அணியும் மஞ்சள் கண்ணாடியையும் நண்பர் கேட்டார். என்னிடம் ஒன்று இருக்கிறது, அணிந்தால் உலகம் பிரகாசமானதுபோல் தோன்றும், அந்த உணர்வு இனிமையாகவும் இருக்கும். ஆனால் 2019இல் ஜாமா ஆப்தல்மாலஜி என்ற கண் மருத்துவ இதழில் வந்த ஆய்வில், ஓட்டுநர் சிமுலேட்டரில் 22 பேரை உட்காரவைத்துச் சோதித்தபோது, எதிர்வரும் விளக்கின் கூச்சத்தில் நடந்து செல்பவரைக் கண்டுபிடிப்பதற்கு மஞ்சள் கண்ணாடி உதவவில்லை. இருட்டில் வெளிச்சத்தைக் குறைக்கும் எதுவும் பார்வையையும் குறைக்கத்தான் செய்யும். (விளக்கையே மஞ்சளாக்கிப் பார்த்த நாடும் உண்டு: பிரான்சில் 1936ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த மஞ்சள் ஹெட்லைட் 1993 தொடக்கம் வரை கட்டாயமாக இருந்தது.) பார்வைக்காகக் கண்ணாடி அணிபவர் என்றால், எதிரொளிப்பைக் குறைக்கும் பூச்சுள்ள நிறமற்ற வில்லையும் சரியான பவரும் போதும். விளக்கைச் சுற்றி ஒளிவட்டமோ நீண்ட கீற்றுகளோ தெரிந்தால், கடைக்குப் போவதற்கு முன் கண் மருத்துவரைப் பார்ப்பது நல்லது. கண்புரையின் தொடக்கத்திலும், கண்ணாடியால் திருத்தாத சிதறல் பார்வையிலும் (அஸ்டிக்மாட்டிசம்) அப்படித் தெரியும்.

என் குற்றம் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். மெக்கானிக் கடையிலிருந்து திரும்பிய அதே வாரம், பின்புறம் நிறையச் சுமையேற்றிச் சென்ற இரவில், எதிரே வந்தவர்கள் வரிசையாக என்னைப் பார்த்து விளக்கை மின்னவைத்தார்கள். லோ பீமில்தான் போகிறேன், இவர்களுக்கு என்ன கேடு என்று நான் முணுமுணுத்துக்கொண்டே போனேன். லோ பீம் எனும் தாழ்ந்த கற்றை பொதுவாக 10 மீட்டருக்கு 10 சென்டிமீட்டர் அளவில்தான் கீழ்நோக்கிச் சாய்கிறது, அதாவது அரைப் பாகையை ஒட்டிய சாய்வு. பின்பக்கம் ஒரு பாகை அமுங்கினாலே கற்றை எதிரே வருபவரின் முகத்துக்கு ஏறிவிடும். அதைச் சரிசெய்யும் சிறிய சக்கரம் ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில், 0 என்ற எண்ணில், ஐந்து ஆண்டுகளாக அசையாமல் இருந்தது.

இப்போது நண்பருக்கு என்ன சொல்வது? தானியங்கிக் கண்ணாடி நல்ல பொருள். நெடுஞ்சாலையில் அது எனக்குத் தந்த நிம்மதியை மறுப்பதற்கில்லை, கசிந்த அந்த ஒரு நாளை வைத்து ஐந்து ஆண்டுகளை எடைபோடுவதும் சரியல்ல. காரோடு சேர்ந்தே வந்தால் மகிழ்ச்சியோடு வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் என் காருக்கான புதிய கண்ணாடி வந்துவிட்டதாகக் கடையிலிருந்து இரண்டு முறை அழைத்துவிட்டார்கள், நான் போகவில்லை. போகப்போவதும் இல்லை என்றே இன்று நினைக்கிறேன். பழைய மின்னிணைப்பு முனையில் டேப்பைச் சுற்றிக் கூரை விளிம்புக்குள் செருகிவிட்டேன். சிக்னலில் பின்னால் வந்து நிற்பவரின் விளக்கு முகத்தில் விழும்போது பிடியைத் தள்ளுவதில் இருக்கும் சிறிய திருப்திக்காகவே இதை மாற்ற மனம் வரவில்லை. நண்பர் உடனே செய்ய வேண்டியது, முன்கண்ணாடியின் உட்புறத்தைத் துடைப்பது. முதலில் ஒரு பாதியை மட்டும் துடைத்துவிட்டு அன்றிரவே ஒருமுறை ஓட்டிப் பார்க்கட்டும்.