சீரிஸ் 3 லேண்ட்ரோவரில் டொயோட்டா டீசல்: மலையில் ஓட்டிய அனுபவம்

பொனட்டைத் திறந்து காட்டினால் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "இவ்வளவு செலவு செஞ்சீங்க, ஒரு டர்போ எஞ்சின் போட்டிருக்கலாமே?"

என்னுடையது 88 அங்குல சீரிஸ் 3 லேண்ட்ரோவர் (88 என்பது முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம்). 1971 முதல் 1985 வரை வந்த வரிசை. ஒரு காலத்தில் தோட்டத்து வண்டி. தொரைமார் கைமாறி, ஏலத்துக்குப் போய், யாரோ ஒருவரின் மாட்டுக்கொட்டகை ஓரத்தில் நின்றது. உள்ளே இருந்த 2286 சிசி பெற்றோல் எஞ்சினை இறக்கிவிட்டு டொயோட்டா 5எல் போட்டேன். 2986 சிசி டீசல், காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் டர்போ கிடையாது, டீசல் பம்ப் முழுக்க மெக்கானிக்கல். சில வருடங்களாக இலங்கை மலையகத்தில் தலவாக்கலை, நுவரெலியா, ஒஹிய பக்கமெல்லாம் இதில்தான் சுற்றுகிறேன்.

பழைய எஞ்சினைக் குறை சொல்ல மாட்டேன். சத்தமில்லாமல் ஓடும், பேட்டரி இறங்கி ஸ்டார்ட்டர் சுற்றாவிட்டாலும் கைப்பிடியைச் சுற்றி ஸ்டார்ட் செய்யலாம். ஆனால் சிலிண்டரின் உட்சுவர் தேய்ந்து ஒயில் குடிக்க ஆரம்பித்திருந்தது. லீற்றருக்கு ஆறேழு கிலோமீற்றர்தான். நுவரெலியா 1868 மீற்றர் உயரம். அங்கே காற்று கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு மெலிந்திருக்கும். கீழே டியூன் செய்த கார்புரேட்டர் மேலே வந்ததும் பெற்றோலை அள்ளி ஊற்றும்.

சரி, ஏன் டர்போ இல்லை? அசல் எஞ்சினின் டார்க், அதாவது சுழற்றும் விசை, 160 நியூட்டன் மீற்றர் அளவு. 5எல் 200-ஐத் தொடாது. டொயோட்டா 1கேடி போன்ற, டர்போ உள்ள புதிய கொமன் ரெயில் டீசல் எஞ்சின்கள் 300-ஐத் தாண்டிவிடும். சீரிஸ் லேண்ட்ரோவரின் பின் ஆக்சில் ஷாஃப்ட் பலவீனமானது என்பது ஓட்டியவர்களுக்குத் தெரியும். லோ கியரில் சேற்றிலிருந்து இழுக்கும்போது பட்டென்று முறியும். பெரிய எஞ்சினைப் போட்டால் கியர் பெட்டி, டிஃபரன்ஷியல், ஆக்சில் என்று ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும். கடைசியில் லேண்ட்ரோவரில் மிஞ்சுவது பொடி (வெளிக்கூடு) மட்டும்தான். தவிர, 5எல் ஹைஏஸ் வேன்களில் ஓடுகிற எஞ்சின். ஹட்டனில் பாதி மெக்கானிக்குகள் கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பார்கள். கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் இதற்குக் கிடைக்காத பாகம் இல்லை.

பொருத்தும் வேலையில் உயிர்நாடி அடாப்டர் தட்டு. டொயோட்டா எஞ்சினையும் லேண்ட்ரோவர் கியர் பெட்டியையும் சேர்க்கும் இரும்புத் தட்டு அது. லேத்தில் கடைந்தபோது நடு மையம் நூலிழை விலகியிருந்தாலும் கியர் பெட்டியின் இன்புட் ஷாஃப்ட் பேரிங் சில மாதங்களில் அலற ஆரம்பித்துவிடும். கிராங்கின் முனையில், இன்புட் ஷாஃப்ட்டின் நுனியைத் தாங்கும் பைலட் புஷ்ஷும் தனியாகக் கடைய வேண்டும். கூலியைப் பார்க்காமல், டயல் கேஜ் வைத்து அளக்கிற லேத்காரரைத் தேடிப் பிடியுங்கள். ஒயில் சம்ப்பை (எஞ்சினின் அடியில் ஒயில் தங்கும் தொட்டி) வெட்டி ஒட்டுவது, மவுண்ட் அடிப்பது, ரேடியேட்டர் எல்லாம் வழக்கமான கராஜ் வேலை.

நான் அதிகம் செலவழித்தது எஞ்சினுக்கு இல்லை, பிரேக்குக்கு. வேலை செய்த பாஸ் (மெக்கானிக்) ஆரம்பத்திலேயே சொன்னார்: "ஏத்தத்துக்கு எதை வேணும்னாலும் போடலாம் தம்பி. எறங்கும்போது நிக்கணுமே." 88 அங்குல வண்டிக்கு நான்கு சக்கரத்திலும் 10 அங்குல டிரம். நானுஓயாவிலிருந்து ரதல்ல குறுக்கு வழியில் இறங்கிப் பார்த்தவர்களுக்கு அது போதாது என்று விளக்க வேண்டியதில்லை. முன்னால் 109 அங்குல மாடலின் 11 அங்குல டிரம் போட்டு, பிரேக் மிதிக்கும் விசையைக் கூட்டும் சர்வோவும் சேர்த்தோம். இங்கே ஒரு விஷயம்: பெற்றோல் எஞ்சின் மூச்சிழுக்கும்போது வரும் வெற்றிடத்தில் சர்வோ வேலை செய்யும். டீசலில் அந்த வெற்றிடம் கிடையாது. 5எல்லில் ஆல்டர்னேட்டரின் பின்னாலேயே வெற்றிடத்தை உண்டாக்கும் வேக்கும் பம்ப் இருக்கிறது. எஞ்சின் வாங்கும்போது அதையும் சேர்த்து வாங்காவிட்டால் பிறகு அலைச்சல்தான். இவ்வளவும் செய்த பிறகும் ரதல்லயில் நான் இரண்டாம் கியரைத் தாண்டுவதில்லை.

பொடி வேலை பற்றிச் சுருக்கமாக. அலுமினியம் துருப்பிடிக்காது என்று நம்பி வாங்காதீர்கள். சேசிஸும் கண்ணாடிக்குக் கீழே உள்ள பல்க்ஹெட்டும் இரும்பு. அலுமினியம் இரும்பைத் தொடும் இடங்களில், நம் ஊர் ஈரத்தில், அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும். எனக்கு சேசிஸின் பின்பகுதியும் பல்க்ஹெட்டின் இரண்டு கால்களும் புதிதாக வெல்டிங் செய்ய வேண்டி வந்தது. இணைப்புகளில் ரப்பர் வைத்தேன், இதுவரை நன்றாக இருக்கிறது.

இப்போது லீற்றருக்குப் பத்து கிலோமீற்றர் கிடைக்கிறது. மஸ்கெலியா பக்கத்துத் தோட்டப் பாதைகளில் ஆட்களையும் மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு முதல் கியரில் திணறாமல் போகிறது. குறைகளும் உண்டு. ஆரம்பத்தில் உயரம் ஏற ஏறக் கறுப்புப் புகை தள்ளியது, பம்பில் டீசலைக் கொஞ்சம் குறைத்த பிறகு அடங்கியது. அதோடு கொஞ்சம் இழுவையும் போனது. டர்போ இருந்தால் இந்தத் தொல்லை இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஜனவரிக் குளிரில், ஸ்டார்ட் செய்யுமுன் சிலிண்டரைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக்கில் ஒன்று போனாலும் காலையில் இருமிக்கொண்டே கிடக்கும். சத்தம் ரொம்ப அதிகம், ஹட்டனிலிருந்து கண்டி வரை பக்கத்து சீட்டில் இருப்பவரோடு பேச்சு நடக்காது. இதில் வால்வுகளை ஓட்டுவதற்கு டைமிங் பெல்ட் இருக்கிறது. பழைய எஞ்சினில் செயின் என்பதால் பலர் இதை மறந்துவிடுகிறார்கள். ரீகண்டிஷன் எஞ்சின் வாங்கியதும், விற்பவர் என்ன சொன்னாலும், பெல்ட்டை மாற்றிவிட்டுத்தான் ஏற்ற வேண்டும்.

அப்புறம் பதிவுப் புத்தகம். எஞ்சின் இலக்கமும் எரிபொருள் வகையும் மாறுவதால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் திருத்த வேண்டும். எஞ்சின் வாங்கிய பில்லைப் பத்திரமாக வைத்திருங்கள். இந்த வேலையைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போய், விற்க வரும்போது விலை பாதியாகக் கேட்கப்பட்ட வண்டிகளைப் பார்த்திருக்கிறேன்.