புகைபோக்கி வைத்த கொடியடுப்பு: நெடுநாள் பயன்பாட்டில் தெரிந்தவை

முன்னால் விறகு எரியும் பெரிய குழி, அதன் பின்னால் அதே தீயின் சூட்டில் வேகும் இரண்டாவது குழியான கொடியடுப்பு, அதற்கும் பின்னால் கூரையைத் தாண்டி நிற்கும் குழாய். மண்ணால் கட்டிய இந்த இரட்டை அடுப்பைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். கேஸ் வந்த பிறகும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் பல வீடுகளில் சோறு வடிப்பதும் பருப்பு வேகவைப்பதும் குளிக்க வெந்நீர் போடுவதும் விறகில்தான் நடக்கின்றன. டீயும் தாளிப்பும் அவசர வேலைகளும் கேஸுக்குப் போய்விட்டன. ஆகவே ஒவ்வொரு வேளையும் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் எரியும் அடுப்பு என்று வைத்துக்கொண்டு படியுங்கள்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். புகை குறைவதும் விறகு மிச்சமாவதும் அடுப்பின் அமைப்பால் பாதிதான். விறகு எவ்வளவு காய்ந்திருக்கிறது, எவ்வளவு பருமனில் வைக்கிறோம் என்பதுதான் மீதிப் பாதி. அடுப்புக்குப் பணம் செலவழிப்பவர்கள் இந்த இரண்டாம் பாதியைக் கவனிக்காமல் விட்டுவிட்டு, "இதுவும் புகையத்தான் செய்கிறது" என்று ஒரு மாதத்தில் கைவிட்டுவிடுகிறார்கள்.

அப்போது வெட்டிய பச்சை விறகில் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க மட்டும் சுமார் 2.26 மெகாஜூல் வெப்பம் போகும். 20 சதவீதம் ஈரமுள்ள ஒரு கிலோ விறகு ஏறத்தாழ 15 மெகாஜூல் வெப்பம் தரும். பாதி ஈரமாக இருந்தால் அதே ஒரு கிலோ 8 மெகாஜூல் அளவுக்குத்தான் தரும். வெப்பம் குறைவதோடு நின்றால் பரவாயில்லை. தீயின் சூடு இறங்கிவிடுவதால் விறகிலிருந்து கிளம்பும் வாயு எரியாமலே வெளியேறுகிறது. கண்ணைக் கரிக்கும் புகையும் குழாயில் படியும் தாரும் அதுதான். எரிந்திருக்க வேண்டிய எரிபொருளே புகையாகப் போகிறது என்பதால் புகை குறைந்தால் விறகும் குறையும். இரண்டும் வேறு வேறு வேலை இல்லை.

ஒரு சின்னக் கணக்கு. ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதி நிலைக்குக் கொண்டுவர 293 கிலோஜூல் வேண்டும். விறகின் வெப்பத்தில் கால் பங்கு பாத்திரத்துக்குள் போகும் அடுப்பானால், காய்ந்த விறகு 80 கிராம் போதும். மூன்று கல் அடுப்பில் பத்து முதல் பன்னிரண்டு சதவீதம்தான் போகும் என்று வைத்தால் 160 முதல் 195 கிராம் வரை ஆகும். பத்து லிட்டர் வெந்நீருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ வித்தியாசம். சமையலறையில் ஒரு தராசு வைத்து ஒரு வாரம் விறகை நிறுத்து எரித்துப் பார்த்தால் உங்கள் அடுப்பு எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

காய வைப்பதற்குக் காலம் முக்கியம். தை, மாசியில் வெட்டி, பிளந்து, வெயில் காலம் முழுக்க அடுக்கி வைத்தால் ஐப்பசி மழைக்கு நல்ல விறகு கையில் இருக்கும். புரட்டாசியில் வாங்கிப் போட்டால் மழைக்காலம் முழுக்கப் புகைதான். பிளக்காத உருட்டுக் கட்டையில் பட்டை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தொடைப் பருமன் கட்டை ஒரு வருஷம் கிடந்தாலும் நடுவில் ஈரமாக இருக்கும். பிளந்ததும் கதை மாறிவிடும். அடுக்கும்போது கீழே செங்கல் கொடுத்துத் தரையிலிருந்து தூக்குங்கள். மேலே மட்டும் தகரமோ தார்ப்பாயோ போடுங்கள்; நான்கு பக்கமும் காற்றுப் போகட்டும். தார்ப்பாயைத் தரை வரை இழுத்து மூடினால் உள்ளே வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும். வீட்டுச் சுவரை ஒட்டி அடுக்கினால் கறையான் சுவரேறும். அடுக்கில் தேளும் பாம்பும் தங்கும், அதனால் இருட்டில் கைவிட்டு எடுக்க வேண்டாம்.

காய்ந்ததா என்று பார்க்க, இரண்டு துண்டை ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். மொத்தென்று கேட்டால் ஈரம். வெட்டுமுகத்தில் நடுவிலிருந்து விரிசல் ஓடியிருக்கும். இன்னும் உறுதி வேண்டுமென்றால் ஒரு துண்டில் சாக்பீஸால் குறிவைத்து வாரம் ஒரு முறை நிறுத்துப் பாருங்கள். எடை இறங்குவது நின்றதும் அடுப்புக்குத் தயார். எரியும்போது மறுமுனையில் நுரை கக்கினால் அந்தக் கட்டையை எடுத்து மறுபடி வெயிலில் போடுவதே லாபம்.

மர வகையில் சீமைக்கருவேலுக்கு ஈடு குறைவு: கனமான கட்டை, நின்று எரியும், கங்கு நெடுநேரம் தங்கும். ராமநாதபுரம் பக்கம் அதைக் கரி மூட்டம் போட்டு விற்பதும் இதனால்தான். சவுக்கு நேராகப் பிளக்கும், சீக்கிரம் காயும். புளி நல்ல சூடு தரும், ஆனால் பிளப்பது கடினம். தென்னை மட்டை குபீரென்று எரிந்து அடங்கிவிடும், சாம்பலும் அதிகம். கொதி வரவழைக்க உதவும், வேகவைக்க உதவாது. பருத்திமாரும் துவரைமாரும் அப்படியே. முருங்கை, இலவம் அடுப்பில் இடத்தை அடைப்பதோடு சரி. அரளிக் கட்டையைச் சமையல் அடுப்பில் வைக்கவே கூடாது, அதன் புகை நஞ்சு. கடலோரத்துத் தில்லை மரமும் கண்ணுக்குக் கேடு. பிளாஸ்டிக், பெயின்ட் அடித்த பலகை, பிளைவுட் துண்டு இவற்றைப் பற்ற வைக்கக்கூடப் பயன்படுத்த வேண்டாம்.

பருமன் இரண்டிலிருந்து நான்கு சென்டிமீட்டர், அதாவது கட்டை விரலிலிருந்து குழந்தையின் மணிக்கட்டு வரை. ஒரே நேரத்தில் மூன்று துண்டு, நுனிகள் மட்டும் ஒன்றையொன்று நெருங்கி எரிய வேண்டும். எரிய எரிய இரண்டு விரற்கடை உள்ளே தள்ளுங்கள். வாய் நிறையத் திணித்துவிட்டு வேறு வேலைக்குப் போவதுதான் கரும்புகைக்கு முதல் காரணம். அவ்வளவு விறகும் ஒரே நேரத்தில் வாயுவை விடும். அதை எரிக்கப் போதிய காற்று உள்ளே வர இடமிருக்காது. மிக மெல்லிய, முறுகக் காய்ந்த சுள்ளியை அள்ளிப் போட்டாலும் இதே கோளாறுதான். அடிக்கடி ஊதாங்குழலை எடுக்க வேண்டியிருந்தால் விறகு ஈரம், அல்லது அடியில் காற்று வழி அடைத்திருக்கிறது. நல்ல அடுப்பில் பற்றவைத்த பிறகு ஊதும் வேலையே இருக்காது.

அந்தக் காற்று வழிக்காக அடுப்புக்குள் இரும்புக் கம்பித் தட்டு அவசியம். தரையிலிருந்து ஐந்து முதல் ஏழு சென்டிமீட்டர் உயரத்தில், கம்பிகளுக்கிடையே ஒரு சென்டிமீட்டர் இடைவெளி. காற்று அடியில் நுழைந்து கங்கின் ஊடாக ஏறும். தட்டு இல்லாவிட்டால் கங்கு சாம்பலுக்குள் புதைந்து புகைந்துகொண்டே கிடக்கும். 6 மில்லிமீட்டர் கம்பி சீக்கிரம் வளைந்து தேய்ந்துவிடுகிறது. 10 மில்லிமீட்டர் முறுக்குக் கம்பி நின்று உழைக்கிறது. தட்டைப் பூசிவிடாமல் எடுத்து மாற்றும்படி வையுங்கள். அடிச் சாம்பலை ஒவ்வொரு வேளையும் பற்றவைக்கும் முன் வாரிவிட வேண்டும்.

இனி பலரும் தவறவிடும் இடம். பழைய அடுப்பில் பாத்திரம் மூன்று குமிழின் மேல் உட்காரும். தீயும் புகையும் சுற்றி வெளியேறும். புகைபோக்கி அடுப்பில் குமிழே கூடாது. பாத்திரம் குழியின் விளிம்பில் இடைவெளியில்லாமல் உட்கார வேண்டும், அப்போதுதான் சூடு கொடியடுப்புக்கும் புகை குழாய்க்கும் போகும். கட்டும் கொத்தனார் பழக்கத்தில் குமிழ் வைத்துவிட்டால், மொத்த அமைப்பும் வீண். குழியின் அளவை வீட்டில் தினமும் ஏற்றும் சோற்றுப் பானையையும் குழம்புச் சட்டியையும் வைத்துப் பார்த்தே கட்டச் சொல்லுங்கள். சிறிய பாத்திரத்துக்கு ஓர் இரும்பு வளையம் செய்து வைத்துக்கொள்ளலாம். கொடியடுப்பில் ஏற்ற எதுவும் இல்லையென்றால் ஒரு குண்டான் தண்ணீராவது வையுங்கள். திறந்து கிடக்கும் குழி வழியாகப் புகை முகத்துக்கு வரும்.

இரண்டு குழிகளையும் இணைக்கும் சுரங்கம் சுமார் 8 சென்டிமீட்டர் அகலத்தில், பின்னோக்கிச் சற்று மேலேறியபடி இருக்க வேண்டும். கொடியடுப்பின் அடியில் ஒரு மண் திட்டு வைத்து, பாத்திரத்தின் அடிக்கும் திட்டுக்கும் நடுவே இரண்டு, மூன்று சென்டிமீட்டர் மட்டும் விட்டால் சூடான காற்று பாத்திரத்தை உரசிப் போகும். திட்டு இல்லாத கொடியடுப்பில் தண்ணீர் வெதுவெதுப்போடு நின்றுவிடும். சாம்பலும் கரியும் முதலில் அடைப்பது இந்தச் சுரங்கத்தைத்தான். வாரம் ஒரு முறை கொடியடுப்புக் குழி வழியாகக் கைவிட்டு வாரிவிடுங்கள்.

குழாயின் உள்விட்டம் 10 சென்டிமீட்டர், உயரம் கூரையின் உச்சிக்கு மேல் 60 சென்டிமீட்டராவது. கூரைச் சரிவுக்குக் கீழே முடிந்தால் காற்று மோதித் திரும்பும்போது புகையை உள்ளேயே தள்ளும். ஓலைக் கூரையின் ஊடாகக் குழாயை ஏற்றாமல், பக்கச் சுவர் வழியாக வெளியே எடுத்து, கூரையிலிருந்து விலக்கி நிறுத்துவதே பாதுகாப்பு. கல்நார் சிமெண்ட் குழாய் மலிவுதான். ஆனால் அதை அறுக்கும்போது பறக்கும் தூசு நுரையீரலைக் கெடுக்கும், விட்டுவிடுங்கள். இரும்புத் தகட்டுக் குழாய் அடிப்பக்கம் முதலில் துருப்பிடிக்கும். சுட்ட மண் குழாய் கிடைத்தால் அதுவே நல்லது, பொருத்தும்போது மட்டும் பொறுமை வேண்டும். எந்தக் குழாயானாலும் அடியில் கரி வாரும் துளை ஒன்றும் அதற்கு இறுக்கமான மூடியும் இருக்கட்டும்.

மழைக்கால விடியலில் குளிர்ந்து கிடக்கும் குழாய் இழுக்காது. அந்தத் துளைக்குள் ஒரு பிடி காய்ந்த தென்னங்கீற்றைக் கொளுத்தினால் குழாய் சூடாகி இழுக்கத் தொடங்கும். பிறகு அடுப்பைப் பற்றவையுங்கள். மறுபக்கம், இழுப்பு அதிகமானாலும் நட்டம்தான். தீ பின்னால் சாய்ந்து இரைந்தால், கொடியடுப்பு கொதிக்காமல் குழாயின் அடி மட்டும் கொதித்தால், சூடு வானத்துக்குப் போகிறது. திட்டைச் சற்று உயர்த்துங்கள், அல்லது குழாயின் அடியில் ஒரு தகட்டைச் செருகிப் பாதி வழியை மறையுங்கள். முழுக்க மூடவே கூடாது. கங்கிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. கதவடைத்த அறையில் உயிரை எடுத்துவிடும். குளிருக்காகக் கங்குச் சட்டியைப் படுக்கையறைக்குள் கொண்டுபோவதும் அதே ஆபத்து.

குழாயை மாதம் ஒரு முறை கயிற்றில் தேங்காய் நார்ப் பந்து கட்டி இழுத்துத் துடைக்கலாம். வருவது உலர்ந்த கரித்தூள் என்றால் எரிப்பு சரி. பளபளவென்று தார் ஒட்டியிருந்தால் விறகு ஈரம். அந்தத் தார் ஒரு நாள் தானே தீப்பிடிக்கும்.

குழாய் வைத்துவிட்டால் புகைப் பிரச்சினை தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம். சமையலறைப் புகையைத் தெருவுக்கும் பக்கத்து வீட்டு ஜன்னலுக்கும் அனுப்பியிருக்கிறோம், அவ்வளவுதான். வீட்டுக்குள் எரிபொருள் புகையால் 2020இல் மட்டும் உலகில் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. அடுப்பருகே அதிக நேரம் இருப்பவர்கள் பெண்களும் அவர்கள் இடுப்பிலுள்ள குழந்தைகளும். அதனால் வெளியே போய்க் குழாயின் உச்சியைப் பார்ப்பதைத் தினசரிப் பழக்கமாக்குங்கள். பற்றவைத்த முதல் ஐந்து நிமிடம் வெள்ளைப் புகை வரும். பத்து நிமிடத்துக்குப் பிறகு குழாய்க்கு மேல் காற்று நடுங்குவது மட்டும் தெரிந்தால் சரியாக எரிகிறது. தொடர்ந்து வெள்ளை என்றால் ஈரம், கறுப்பு என்றால் விறகு அதிகம்.

பற்றவைக்க மண்ணெண்ணெய் தேவையில்லை. தென்னை மட்டையின் அடியில் வலைபோல் இருக்கும் பன்னாடை இரண்டு, அதன் மேல் ஒரு பிடி சுள்ளி குறுக்கும் நெடுக்குமாக, அதன் மேல் இரண்டு மெல்லிய சிராய். முன்பக்கம் தீ வைத்தால் போதும். பாத்திரங்களை ஏற்றிவிட்டுப் பற்றவையுங்கள். உலை கொதித்ததும் ஒரு துண்டை வெளியே இழுத்துவிடலாம்; கொதிநிலையில் நிறுத்த அதிக நெருப்பு வேண்டாம். மூடி போடுவதும், பருப்பை ஊறவைத்துப் போடுவதும் அடுப்பை மாற்றுவதைவிட மலிவான சிக்கனம். இழுத்த கொள்ளியில் தண்ணீர் ஊற்றாமல் மணல் நிரப்பிய தகர டப்பாவில் செருகுங்கள். மறுநாள் முதலில் பற்றுவது அதுதான்.

மண் அடுப்பின் பெரிய குறை அதன் கனம். முதல் இருபது நிமிடத்தில் கணிசமான சூட்டைச் சுவரே குடித்துவிடும். நீண்ட சமையலுக்கு இது பெரிய நட்டமில்லை. ஒரு வேளைக்கு அரை மணி நேரமே எரிப்பவர்களுக்கு இந்த அடுப்பு பொருந்தாது. கட்டும்போதே தீக்குழியின் உட்சுவரை மெல்லியதாக எழுப்பி, அதற்கும் வெளிச்சுவருக்கும் நடுவே சலித்த சாம்பலை நிரப்பினால் இழப்பு நன்றாகக் குறைகிறது. உள்ளே சிமெண்ட் பூச்சு வேண்டாம், சூட்டில் பொரிந்து உதிரும். களிமண் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு, உமி அரைப் பங்கு என்று தொடங்கி, விரல் பருமனில் ஓர் உருளை பிடித்து நிழலில் காயவைத்துப் பாருங்கள். வெடித்தால் மணல் கூட்டுங்கள், உதிர்ந்தால் களிமண் கூட்டுங்கள். வாய் விளிம்பில் வரும் விரிசலை இதே கலவையால் அன்றன்றே அடைத்துவிட வேண்டும்.

குறுகிய நேரச் சமையலுக்கு எடுத்துச் செல்லும் உலோக அடுப்பு நல்லது. இந்தியத் தரநிலை ஐ.எஸ். 13152 இயற்கைக் காற்றில் எரியும் அடுப்புக்குக் குறைந்தது 25 சதவீதமும், மின்விசிறி வைத்ததற்கு 35 சதவீதமும் வெப்பத்திறன் கேட்கிறது. முத்திரை பார்த்து வாங்குங்கள். விசிறி அடுப்பு மிகச் சுத்தமாக எரிந்தாலும் விறகைச் சிறு சிறு துண்டாக நறுக்க வேண்டும், அந்த வேலைக்கு ஆளில்லாத வீட்டில் அது பரணுக்குத்தான் போகும். உலோக அடுப்புகளில் உட்சுவரின் அடிப்பகுதி முதலில் செதில் செதிலாக உரியும். கடையில் அந்தத் தகட்டின் கனத்தைக் கையால் தொட்டுப் பார்த்து, உட்பாகம் தனியாகக் கிடைக்குமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இலங்கையில் பரவலாக உள்ள அனகி அடுப்பு மூன்றாவது வழி. இரண்டு பாத்திரம் ஏற்றும் ஒரே துண்டு சுட்ட மண் அடுப்பு, குழாய் கிடையாது. அதனால் ஜன்னலோரமோ திறந்த தாழ்வாரமோ வேண்டும். சுற்றிலும் மண் பூசிப் பதித்தால் நெடுநாள் வரும், பூசாமல் வைத்தால் வாய்ப்பக்கம் விரிசல் விடும். வாங்கும்போது விரலால் சுண்டிப் பாருங்கள். ஓசை உடைந்து கேட்டால் சூளையிலேயே கீறியது, வேறொன்றை எடுங்கள்.