கடலுக்குக் கிட்ட சின்னக் குசினிக்கு அலுமினியம் பாண்ட்ரி: 14 மாசம் பாவிச்ச பிறகு எழுதுறன்

எங்கட பிளாட் கொழும்பு வெள்ளவத்தையில, மரைன் டிரைவுக்குக் கிட்ட. குசினி ஜன்னலத் திறந்தா கடல் காத்து நேரா அடுப்படிக்கு வரும். அந்தக் காத்து தான் எங்கட பழைய பாண்ட்ரி கப்போர்ட்ட முடிச்சது. அது மெலமைன் போர்ட், வாங்கேக்க சரியான வடிவா இருந்தது. ஆறு வருசத்தில சிங்க்குக்குக் கீழ ஊறி உப்பி, பிணைச்சல் எல்லாம் கறள் பிடிச்சு, ஒரு நாள் அம்மா சீனிப் போத்தல் எடுக்கத் திறக்கேக்க கதவு கையோட வந்திட்டுது. 2022லயே மாத்துவம் எண்டு இருந்தனாங்கள், ஆனா அந்த நேரம் டொலர் 200ல இருந்து 360க்குப் போய், எல்லாச் சாமானும் விலை ஏறி, கப்போர்ட்ட விட கேஸ் சிலிண்டருக்கு கியூவில நிக்கிறது தான் பெரிய வேலையாப் போச்சு. கடைசியாப் போன வருசம் தான் கைவச்சம். மொத்தம் 5 லட்சத்துக்கு மேல போகக் கூடாது எண்டு அவரும் நானும் முதலே கதைச்சு முடிவெடுத்தது.

குசினி 6 அடிக்கு 9 அடி. இது காணாது எண்டு நிறையப் பேர் சொன்னவை, எனக்கும் அப்பிடித் தான் பட்டது. பிறகு வாசிச்சுப் பாத்தா 1926ல ஜெர்மனியில ஃபிராங்க்ஃபேர்ட் நகரத்து தொழிலாளர் குடும்பங்களுக்குக் கட்டின வீடுகளுக்கு மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி எண்ட ஒரு பொம்பிளை ஆர்க்கிடெக்ட் வரைஞ்ச குசினியே 1.9 மீற்றருக்கு 3.4 மீற்றர் தானாம். எங்கடய விட நீளத்தில ஒரு ரெண்டு அடி தான் கூட. அதிலயும் அரிசி, சீனி போட்டு வைக்க அலுமினியத்தில சின்னச் சின்ன லாச்சி, ஊத்துறதுக்கு வாயோட. அதை வாசிச்ச பிறகு தான் எனக்கு ஒரு தைரியம் வந்தது.

மூண்டு வகைக்கு விலை கேட்டனாங்கள். மெலமைன் தான் மலிவு, ஆனா ஒருக்காப் பட்ட பாடு போதும். தேக்கு கேக்கவே ஏலாது. அலுமினியம் நடுவில நிண்டது. கறையான் வராது, தண்ணியில ஊறாது, கரப்பான் பூச்சி முட்டை வைக்கிற மாதிரி மர இடுக்கும் குறைவு. ஓல்ட் மூர் ஸ்ட்ரீட் பக்கம் ஹாட்வெயார் கடையள் நிறைய, ரெண்டு சனிக்கிழமை அங்க அலைஞ்சு, அந்தப் பக்கத்தில ஒரு சின்னப் பட்டறையில குடுத்தம். பெயர் போடேல்ல, ஏனெண்டா நல்லதும் கெட்டதும் ரெண்டும் சொல்லப் போறன்.

முதல் நல்லது. அளவெடுக்க வந்த நானா அம்மாவ சிங்க் முன்னால நிக்கச் சொல்லி முழங்கையில இருந்து நிலத்துக்கு டேப் பிடிச்சவர். வழமையா மேடை 36 இஞ்சி உயரம். எங்கட அம்மா 4 அடி 11, பழைய மேடையில வெங்காயம் வெட்டேக்க தோள் ரெண்டும் காதுக்குக் கிட்ட வந்து நிக்கும், பின்னேரத்தில கழுத்து வலி எண்டு சித்தாலேப தைலம் தேய்ப்பா. "எல்லாரும் 36 தானே தங்கச்சி வெக்கிற, ஆனா உம்மாவுக்கு 33 தான் சரி, முழங்கைக்குக் கீழ நாலு இஞ்சி இருந்தாப் போதும்" எண்டார். வெட்டுற பக்கம் 33 வைச்சம். அதுக்கு ஒரு சதமும் கூட எடுக்கேல்ல. இப்ப அம்மா அதில நிண்டு தான் தேங்காய் துருவுறா, மா குழைக்கிறா, கழுத்து வலி எண்டு நான் கேட்டு மாசக்கணக்கு. இந்த முழு வேலையிலயும் எனக்குப் பெறுமதி எண்டு பட்டது இந்த மூண்டு இஞ்சி தான். கதவு நிறம் தெரிவு செய்யிறதுக்கு நாங்கள் ஒரு கிழமை சண்டை பிடிச்சனாங்கள், அது இப்ப கண்ணிலயே படுறதில்லை.

கெட்டது எண்டா, 10 நாள் எண்டு சொல்லி 25 நாள் எடுத்தவை. அந்த நாளெல்லாம் பல்கனியில ஒரு மேசையில அடுப்ப வைச்சு மழைக்குள்ள சமைச்சது லேசில்லை. அதை விடப் பெரிசு ஸ்க்ரூ. சாதாரண இரும்பு ஸ்க்ரூ தான் போட்டிருக்கினம், எனக்கு அப்ப தெரியாது. மே மாசம் தென்மேல் காத்துத் தொடங்கி ஆறு கிழமைக்குள்ள சிங்க் பக்கத்து ஸ்க்ரூ எல்லாத்திலயும் கறள் வடிஞ்சுது, அதைச் சுத்தி அலுமினியமும் வெள்ளையாப் பூத்து அரிக்கத் தொடங்கிட்டுது. அலுமினியத்தில இரும்பு தொட்டு, அதுக்குள்ள உப்புத் தண்ணியும் சேந்தா அலுமினியம் தான் முதல் போகுமாம். கோல் எடுத்தன், ரெண்டு தரம் சாட்டு, மூண்டாம் தரம் வந்து எல்லாத்தையும் கழட்டி ஸ்டெயின்லெஸ் போட்டுத் தந்தவை. காசு கேக்கேல்ல, அதையும் சொல்லத் தான் வேணும். ஆனா கடலுக்குக் கிட்ட இருக்கிற ஆக்கள் ஓடர் குடுக்கேக்கயே ஸ்க்ரூவும் பிணைச்சலும் 304 தர ஸ்டெயின்லெஸ் எண்டு பில்லில எழுதி வாங்குங்கோ. பிறேம் பவுடர் கோட்டிங், அதாவது பெயின்ட் பவுடர அடிச்சுச் சூட்டில ஒட்ட வைச்சது தானா எண்டும் கேளுங்கோ.

கதவுக்குப் போட்டது கிளாடிங் போர்ட், அதாவது ரெண்டு பக்கமும் மெல்லிய அலுமினியத் தகடு, நடுவில பிளாஸ்டிக். துடைக்கிறது சரியான சுகம், மஞ்சள் கறை கூட சோப்புத் தண்ணிக்குப் போகுது. மிஞ்சின போர்ட்ட அடுப்புக்குப் பின் சுவரிலயும் அடிச்சுத் தாறன், டைல்ஸ் காசு மிச்சம் எண்டு நானா சொன்னார், நான் ஓமெண்டும் சொல்லிட்டன். லண்டன்ல இருக்கிற மச்சாள் தான் வட்ஸ்அப்பில படம் பாத்திட்டு உடன கோல் எடுத்தவ. 2017ல லண்டன் கிரென்ஃபெல் டவர் எண்ட மாடி வீட்டுக் கட்டிடத்தில தீ அப்பிடிப் பரவினதே வெளியில அடிச்சிருந்த இந்த வகை போர்ட்டால தான், நடுவில இருக்கிற பொலித்தீன் பத்தும், அடுப்படிக்கு வேண்டாம் எண்டா. அதோட அந்தச் சுவருக்கு டைல்ஸ் தான் ஒட்டினது. பட்டறையில நல்ல மனசோட தான் சொன்னவை, ஆனாலும் அடுப்புப் பக்கம் இதை ஒருதரும் விடாதேங்கோ.

கேஸ் சிலிண்டர் வைக்கிற கதவையும் முழுசா மூடித் தான் செய்து கொண்டு வந்தவை. கேஸ் காத்த விடப் பாரம், கசிஞ்சா நிலத்தோட தான் தேங்கி நிக்கும், அதால கதவின்ர அடியில காத்தோட்டத்துக்கு வெட்டித் தரச் சொன்னன். அரை மணித்தியால வேலை. எங்கட 12.5 கிலோ சிலிண்டர் அதுக்குள்ள மட்டுமட்டா நிக்குது, ஹோஸ் மடியாமப் பாத்துக்கொள்ள வேணும்.

காசு எப்பிடிப் போச்செண்டா, அலுமினிய வேலை 2 லட்சத்து 70, கறுப்பு கிரனைட் மேடை 85 ஆயிரம், சிங்க்கும் பைப்பும் 42, டைல்ஸ் கூலியோட 38, ரெண்டு 13 அம்பியர் பிளக் பொயின்ட் கூட அடிச்சதுக்கு எலக்ட்ரீசியனுக்கு 15. எல்லாம் 4 லட்சத்து 50. பழைய சிங்க்க வைச்சுச் சமாளிச்சிருந்தா இன்னும் குறைஞ்சிருக்கும், ஆனா புட்டுப் பானை, இடியப்பத் தட்டு எல்லாம் கழுவுற வீட்டில ஆழமான ஒற்றைச் சிங்க் இல்லாட்டிக் கஷ்டம், அந்தக் காசுக்கு நான் கவலைப்படேல்ல. மேல் கப்போர்ட்ட சீலிங் வரைக்கும் கொண்டு போனதும் நல்லதாப் போச்சு, தீபாவளிக்கு மட்டும் எடுக்கிற பெரிய தாச்சியும் முறுக்கு உரலும் அங்க.

சத்தம் மட்டும் கொஞ்சம் கூட. கதவ அடிச்சுச் சாத்தினா தகரம் மாதிரிக் கேக்கும், இரவில பிள்ளையள் தண்ணி குடிக்க எழும்பினா வீடே முழிக்கும். கதவு தானா மெதுவாச் சாத்துற சொஃப்ட் குளோஸ் பிணைச்சலுக்கு அப்ப காசு காணாமப் போயிடுமோ எண்டு பயந்து விட்டது. லாச்சி மூண்டில ஒண்டு அரிசி மூட்டைப் பாரத்துக்குச் சறுக்குது, அது ஓடுற சனல் மாத்த வேணும். நானாவுக்குச் சொல்லி இருக்கு, வாற கிழமை வாறன் எண்டவர், அப்பவே நாலு கதவுக்கு சொஃப்ட் குளோஸும் போடச் சொல்லி விலை கேட்டிருக்கிறன்.